ஈரக் கை படாத ஜாடி

(மாவட்ட நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசையில் இரண்டு டப்பாக்களை வைத்திருக்கிறேன். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து முன்வரிசைக்காரர்கள் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் டப்பாவில் இருப்பது நலங்கு மாவு. போன வருடம் தை மாதத்தில் அரைத்தது. இரண்டாவதில் கற்றாழைக் கிரீம். தயாரித்து 22 நாள் ஆகிறது. இரண்டிலும் பதப்பொருள், அதாவது லேபிளில் பிரிசர்வேட்டிவ் என்று போடுகிறார்களே அது, துளிகூடக் கிடையாது. மாவு இன்னும் மணக்கிறது. வேண்டுமானால் முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள். கிரீம் டப்பாவை இப்போதைக்கு மூடியே வைத்திருப்போம்.

அழைப்பிதழில் 'இயற்கையா, ரசாயனமா?' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நூலகரோடு எனக்குச் சண்டை இல்லை, தலைப்போடு கொஞ்சம் உண்டு. 28 வருடம் ஓர் அழகுசாதனத் தொழிற்சாலையின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். கிரீம், ஷாம்பு, குழந்தைகளுக்கான லோஷன் என்று என் மேசைக்கு வராதது இல்லை. ஒரு பொருள் கெடுமா, கெடாதா என்று பார்க்க நாங்கள் முதலில் கேட்பது, அது செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்றல்ல. அதில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் கேட்போம். ஆகவே இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றி.

உங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குள் யாராவது ஈரக் கையை விட்டால் என்ன நடக்கும்? எங்கள் வீட்டில் அப்பத்தா போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கரண்டியைக் கழுவி, துடைத்து, வெயிலில் வைத்து எடுத்த பிறகுதான் ஜாடிப் பக்கம் போக வேண்டும். மேலே நல்லெண்ணெய் ஒரு விரற்கடை எப்போதும் நிற்க வேண்டும். பாக்டீரியா என்ற சொல்லை அப்பத்தா கேட்டதே இல்லை. ஆனால் நாங்கள் ஆய்வகத்தில் 'நீர்ச் செயல்பாடு' என்று அளக்கிறோமே, அதன் சாரம் அவருக்கு அத்துப்படி. சுத்தமான தண்ணீருக்கு அந்த அளவு 1. ஒரு பொருளில் உப்போ, சர்க்கரையோ ஏற ஏற, அல்லது ஈரம் காயக் காய, அளவு இறங்கும். சுமார் 0.9க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர முடியாது. 0.6க்குக் கீழே பூஞ்சைகூட வளராது. நல்ல தேன் அந்த 0.6ஐ ஒட்டி நிற்கிறது. அதனால்தான் வருடக்கணக்கில் கெடுவதில்லை. அதே தேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வையுங்கள், சில நாளில் புளித்துப் பொங்கும்.

இந்தக் கண்ணோடு நம் பழைய அழகுப் பொருட்களைப் பாருங்கள். நலங்கு மாவில் என்ன போடுகிறோம்? பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, கோரைக்கிழங்கு, கார்போகரிசி. எல்லாவற்றையும் சருகாகக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைக்கிறோம். தண்ணீர் சேர்வது குளிக்கும்போது, உள்ளங்கையில். சேர்ந்த ஐந்து நிமிடத்தில் அது வடிகாலுக்குள் போய்விடுகிறது. சீயக்காயும் அரப்பும் அப்படித்தான். சந்தனத்தை அன்றைக்கு வேண்டிய அளவுதான் கல்லில் இழைத்தார்கள்.

எண்ணெய் காய்ச்சுவதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். கரிசலாங்கண்ணியை இடித்துச் சாறு பிழிந்து தேங்காய் எண்ணெயில் விட்டு அடுப்பில் வைத்ததும் நுரை பொங்கும், சடசடவென்று வெடிக்கும். அப்பத்தா பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் எண்ணெயைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். சத்தம் அடங்கியதும் அடியில் நிற்கும் வண்டலைக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையே உருட்டுவார். மெழுகாகத் திரள வேண்டும். அதையும் நம்பாமல், உருட்டியதைத் திரிபோல் நீட்டி நெருப்பில் காட்டுவார். வெடிக்காமல் எரிந்தால் இறக்கலாம். வெடித்தால் இன்னும் கொஞ்ச நேரம். அந்த வெடிச் சத்தம் என்ன? வண்டலில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகித் தெறிப்பது. தைலம் காய்ச்சும் வைத்தியர்களிடமும் இதே சோதனைதான் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்று இருந்தது. விலை பல லட்சம். அது சொல்வதைத்தான் அந்தத் திரி சொல்லிற்று.

வீட்டில் செய்த கண்மையும் இதே வழிதான். வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்தி, திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் ஏற்றி, மேலே தட்டைக் கவிழ்ப்பார்கள். படிந்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் மை. சாறு துணியிலேயே உலர்ந்துபோனது, மிச்சம் நெருப்பில் போயிற்று. பதப்பொருள் எதற்கு?

'எங்கள் பாட்டி காலத்தில் பிரிசர்வேட்டிவ் இல்லாமல்தானே இருந்தோம்' என்று சொல்கிறவர்கள் சொல்வது உண்மை. பாட்டிக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர் டப்பாவில் தண்ணீரை அடைத்து வைக்கவில்லை.

நாம் அடைத்து வைக்கிறோம். கிரீம் என்பது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்த கலவை. லோஷனில் தண்ணீர் இன்னும் அதிகம். கடையில் வாங்கியதைத் திருப்பிப் பாருங்கள், பட்டியலில் பெரும்பாலும் முதல் பெயர் 'அக்வா' என்றிருக்கும். லத்தீனில் தண்ணீர் என்று பொருள். இந்தக் கலவை நேற்று வந்ததல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கேலன் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் கலந்து ஒரு களிம்பு செய்தார். தோலில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்ததால் பின்னால் வந்தவர்கள் அதைக் கோல்டு கிரீம் என்றார்கள். அருமையான பொருள்தான், ஆனால் வைத்திருந்தால் கெட்டுவிடும். மருந்துக்கடைக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக அதை அவ்வப்போது புதிதாகக் கலந்துதான் கொடுத்தார்கள்.

இனி இந்த இரண்டாவது டப்பா. செய்தவள் என் அக்கா மகள். கெட்டிக்காரி. வீட்டுக் கொல்லையில் சோற்றுக் கற்றாழை வளர்க்கிறாள். மடலைக் கீறி மஞ்சள் பாலை வடியவிட்டு, சோற்றை மட்டும் வழித்து, மிக்ஸியில் அடித்து, பன்னீரும் பாதாம் எண்ணெயும் மெழுகும் சேர்த்து இந்தக் கிரீமைச் செய்தாள். செய்முறையில் குறையே சொல்ல முடியாது. "சித்தி, இதுல ஒரு துளி கெமிக்கல் கிடையாது. வைட்டமின் ஈ மாத்திரை ரெண்டு உடைச்சு ஊத்தியிருக்கேன், கெடாது," என்றாள். தோழிகள் வாங்கிப்போகிறார்கள், விற்கலாமா என்று கேட்டாள். "எனக்கு ஒன்று கொடு, மூன்று வாரம் கழித்துச் சொல்கிறேன்," என்றேன். 9ஆம் நாள் நிறம் லேசாக மங்கியது. 13ஆம் நாள் மூடியின் உள்விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. இன்று அதற்கு முடி முளைத்திருக்கிறது.

பூஞ்சை நல்லது. ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது, பார்த்தவுடன் தூக்கிப் போடுவோம். எனக்குப் பயம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவிடம். குழாய்த் தண்ணீரில் இருக்கும், வடிகட்டிய தண்ணீரில் இருக்கும், மிகக் கொஞ்சம் இரை போதும். ஆய்வகத்தில் அதை வளர்த்த தட்டைத் திறந்தால் பச்சையாகப் படர்ந்திருக்கும். திராட்சைப் பழ வாசனை அடிக்கும். முதல் வருடம் வேலைக்கு வரும் பிள்ளைகள் 'நல்லா இருக்கே' என்பார்கள். ஆனால் கிரீமுக்குள் அது லட்சக்கணக்கில் பெருகியிருந்தாலும் நிறமோ மணமோ மாறாமல் போகலாம். ஆரோக்கியமான தோலை அது அவ்வளவாகச் சீண்டாது. கீறலில் பட்டால், கண்ணில் பட்டால் கதை வேறு. 1970களில் அமெரிக்காவில் மஸ்காரா தூரிகை கருவிழியைக் கீறி, மஸ்காராவில் இருந்த சூடோமோனாஸ் அந்தக் கீறலில் புகுந்து புண்ணாக்கி, பெண்கள் பார்வை இழந்ததைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணுக்குப் போடும் பொருட்களில் பதப்பொருள் பலமாக இருக்கிறதா என்ற சோதனை இறுகியது. இன்று பொதுவான பொருட்களில் ஒரு கிராமுக்கு 1,000 நுண்ணுயிர் வரைக்கும், கண்ணுக்கும் குழந்தைகளுக்கும் ஆனவற்றில் 100 வரைக்கும்தான் சர்வதேசத் தரம் அனுமதிக்கிறது.

ஒரு புதிய கிரீம் சந்தைக்குப் போகுமுன் நாங்கள் என்ன செய்வோம் என்று சொல்கிறேன். வேண்டுமென்றே அதைக் கெடுத்துப் பார்ப்போம். ஐந்து விதமான நுண்ணுயிர்களை, கிராமுக்குப் பல லட்சம் என்ற கணக்கில், தனித்தனியாக அதற்குள் கலந்துவிடுவோம். சூடோமோனாஸ், சீழ் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், குடலில் வாழும் ஈ.கோலை, கேண்டிடா என்ற ஈஸ்ட், ஒரு கறுப்புப் பூஞ்சை. பிறகு 7, 14, 28ஆம் நாட்களில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவோம். முதல் 7 நாளில் பாக்டீரியாக்கள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும், பிறகு ஏறவே கூடாது. ஏன் இவ்வளவு கடுமை? டப்பாவைத் திறந்து ஒரு வருடம் தினமும் விரலை விடப்போவது நீங்கள். அந்த விரல் எங்கெல்லாம் போய்விட்டு வந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

மஞ்சள் கிருமிநாசினியாயிற்றே, அதைப் போட்டால் போதாதா என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். ஈரோட்டில் மஞ்சள் எப்படி மண்டிக்கு வருகிறது? கிழங்கை வேகவைத்து, களத்தில் நாள்கணக்கில் காயப்போட்டு, ஈரம் சுமார் 10 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு. ஈரமாக மூட்டை கட்டினால் மஞ்சளிலேயே பூஞ்சை பிடிக்கும். தன்னையே காத்துக்கொள்ள முடியாத மஞ்சள் உங்கள் கிரீமை எப்படிக் காக்கும்? என் அக்கா மகள் ஊற்றிய வைட்டமின் ஈயும் இப்படித்தான். எண்ணெய் காறிப்போவதை, அந்தச் சிக்கு வாடையை, அது தள்ளிப்போடும். எண்ணெய் காறுவது காற்றோடு நடக்கிற வினை, கிருமிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வைட்டமின் ஈயைக் கண்டு எந்தப் பூஞ்சையும் அஞ்சாது.

சரி, பதப்பொருட்கள் என்பவை யார்? எங்கிருந்து வந்தவை? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சாம்பிராணி போடுகிறீர்கள். சுமத்ரா, சயாம் பக்கத்து மரங்களின் பிசின் அது. அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி', ஜாவாவின் சாம்பிராணி என்றார்கள். அந்தப் பெயர் ஐரோப்பிய வாய்களில் உருண்டு திரண்டு பென்சாயின் ஆயிற்று. அதைச் சூடாக்கினால் வெள்ளை ஊசிகளாக ஒரு பொருள் படிகிறது. 1556இலேயே அதை எழுதி வைத்திருப்பவர், நம்ப மாட்டீர்கள், ஆரூடம் சொன்ன நாஸ்ட்ரடாமஸ். அதுதான் பென்சாயிக் அமிலம். பூஞ்சையைத் தடுக்கும் அதன் குணத்தை 1875இல் ஜெர்மன் விஞ்ஞானி சால்கோவ்ஸ்கி கண்டார். இன்று உங்கள் ஷாம்பு லேபிளிலும் ஜாம் பாட்டிலிலும் இருக்கும் சோடியம் பென்சோயேட் அதன் உப்பு. சார்பிக் அமிலமும் அப்படித்தான், 1859இல் ரோவன் என்ற ஐரோப்பிய மரத்தின் பழத்திலிருந்து ஹாஃப்மன் பிரித்தெடுத்தது. இன்று இரண்டையும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பொருட்களை வைத்துத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். மூலக்கூறு அதேதான். இயற்கைச் சான்றிதழ் கொடுக்கும் ஐரோப்பிய காஸ்மாஸ் அமைப்பே இவற்றை அனுமதிக்கிறது. இவற்றுக்கு ஒரு குறை உண்டு, புளிப்பு இருந்தால்தான் வேலை செய்யும். புளிப்பு குறைந்து கிரீமின் பி.எச். அளவு 5க்கு மேலே ஏறிவிட்டால் பெயருக்குத்தான் இருக்கும்.

இனி பாராபென். இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 20 வருடமாக நாம் கடையில் கேட்கும் 'பாராபென் இல்லாதது கொடுங்க' என்ற வாக்கியம் இங்கிருந்துதான் பிறந்தது.

பாராபென்கள் 1920களிலிருந்து பழக்கத்தில் இருப்பவை. மலிவு, மணமில்லை, புளிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், கொஞ்சம் போதும். ஐரோப்பாவில் மெத்தில் பாராபெனுக்கு உச்சவரம்பு 0.4 சதவீதம். 50 கிராம் டப்பாவில் அதிகபட்சம் 0.2 கிராம். 2004இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப்பா டார்ப்ரேவும் உடனிருந்தவர்களும் மார்பகப் புற்றுக் கட்டிகளின் 20 மாதிரிகளைச் சோதித்து அவற்றில் பாராபென் இருப்பதாக வெளியிட்டார்கள். பாராபென்தான் புற்றை உண்டாக்கியது என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஆரோக்கியமான திசுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஆனால் செய்தித்தாளுக்கு அந்த நுணுக்கம் எதற்கு? உலகம் பூராவும் பெண்கள் பயந்தார்கள். பாராபென்களுக்கு ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும் குணம் லேசாக உண்டு என்பது உண்மை. நம் உடலின் ஈஸ்ட்ரோஜனைவிடப் பல ஆயிரம் மடங்கு பலவீனமாக. அந்த லேசைக்கூட ஒழுங்குமுறை அமைப்புகள் அலட்சியப்படுத்தவில்லை. டென்மார்க் 2011இல் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருட்களில் புரோபைல், பியூட்டைல் பாராபென்களைத் தடை செய்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் ஐந்து வகைப் பாராபென்களை முழுவதுமாக நீக்கியது. புரோபைல், பியூட்டைல் வகைகளின் அளவைக் குறைத்தது. சோதித்துப் பார்த்து, சந்தேகமானதை விலக்கி, மற்றதை வைத்துக்கொண்டார்கள். இதைத்தான் நான் நியாயம் என்பேன்.

நிறுவனங்கள் செய்தது வேறு. பெயர் கெட்டுவிட்டது, எடுத்துவிடு என்றார்கள். எடுத்த இடத்தில் எதையாவது போட வேண்டுமே! மெத்தில் ஐசோதையசோலினோன் என்று ஒன்றைப் போட்டார்கள். வாயில் நுழையாத அந்தப் பெயரைச் சுருக்கி எம்.ஐ. என்போம். 2005இல் ஐரோப்பாவில் 10 லட்சத்தில் 100 பங்கு வரை தனியாகச் சேர்க்க அனுமதி கிடைத்தது. 'பாராபென் இல்லை' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த ஈரத் துடைப்பான்கள், கிரீம்கள், ஷாம்புகள் வந்து குவிந்தன. அடுத்த சில வருடங்களில் தோல் மருத்துவர்களிடம் கூட்டம் சேர்ந்தது. கையில், முகத்தில், குழந்தையின் இடுப்பில் தடிப்பும் அரிப்பும். 2013இல் அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமைச் சங்கம் எம்.ஐ.யை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. 2017இல், பூசிவிட்டுக் கழுவாமல் விடும் பொருட்களில் ஐரோப்பா அதைத் தடை செய்தது. கழுவிவிடும் பொருட்களில் 10 லட்சத்தில் 15 பங்காகக் குறைத்தது. 2019இல் அதே சங்கம் 'ஒவ்வாமை தராத பொருள்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. எதை என்று நினைக்கிறீர்கள்? பாராபென்களை.

அதே 2019இல்தான் ஐரோப்பாவில் 'பாராபென் இல்லாதது' என்று விளம்பரம் செய்யக்கூடாது என்ற வழிகாட்டுதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் பாதுகாப்பானது என்று ஏற்றுக்கொண்ட ஒன்றைக் கெட்டது போலக் காட்டி விற்கக்கூடாது என்பது காரணம். நம் ஊர்க் கடைகளில் அந்த வரி இன்னும் பளபளவென்று இருக்கிறது.

இயற்கைப் பதப்பொருள் என்று விற்றதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பம்பளிமாசுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தின் கொட்டைச் சாறு எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று பெயர் வாங்கியது. 1999இல் ஜெர்மனியில் கடைச் சரக்கு ஆறை வாங்கிச் சோதித்தார்கள். ஐந்தில் செயற்கைப் பதப்பொருட்கள் கலந்திருந்தன. ஆறாவதில் எதுவும் கலக்கவில்லை; அது எந்தக் கிருமியையும் கொல்லவும் இல்லை.

இவ்வளவு சொல்வதால் நான் மூலிகைக்கு எதிரி என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். நலங்கு மாவுப் பட்டியலில் கார்போகரிசி என்றேனே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கறுப்பாக, சின்னதாக, கசப்பு வாசனையோடு கிடைக்கும் விதை. அதிலிருந்து பகுச்சியோல் என்ற பொருளை 1966இல் இந்திய விஞ்ஞானிகளே பிரித்தெடுத்தார்கள். இன்று அதே பகுச்சியோல் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, சொட்டுக்கணக்கில் உலகச் சந்தையில் விற்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 44 பேர் 12 வாரம் பூசிப் பார்த்தார்கள், பாதிப் பேர் சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினாலை, பாதிப் பேர் பகுச்சியோலை. சுருக்கமும் கருமையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தன. பகுச்சியோலில் எரிச்சல் குறைவு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அப்பத்தாவின் மாவு டப்பாவுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் அதே விதைக்குள் சோராலென் என்ற இன்னொன்றும் இருக்கிறது. வெயில் பட்டால் தோலைக் கொப்புளிக்கவும் கறுக்கவும் வைக்கும். வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் அளந்து கொடுப்பது அதைத்தான். மாவில் ஒரு பங்கு போட்டு ஐந்து நிமிடத்தில் கழுவிவிட்டால் பெரிய தொந்தரவு இல்லை. அதே விதையை எண்ணெயில் ஊறவைத்து முகத்தில் பூசி வெயிலில் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செடி நமக்கு அழகு சேர்ப்பதற்காகவா இவற்றைத் தயாரிக்கிறது? தன்னைத் தின்ன வரும் பூச்சிக்காகத் தயாரிக்கிறது.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்து வெயிலில் நிற்பதும் இந்தச் சாதியைச் சேர்ந்த வினைதான். சேங்கொட்டைப் பாலை வைத்துத் துணிக்குக் குறி போட்ட காலத்தில், அந்தக் குறி பட்ட இடத்தில் கழுத்து வெந்துபோனவர்கள் உண்டு. முழுக்க முழுக்க இயற்கை! மறுபக்கம், மருதாணி பாவம், எந்த வம்புக்கும் போகாதது. ஆனால் திருவிழாவில் ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் 'கறுப்பு மெஹந்தி' மருதாணியே அல்ல, தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற சாயம். மருதாணிக்குக் கறுப்பு கிடையாது. ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடத்தில் தோல் வெளுத்துப்போன பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். ஒட்டுப் பசையில் சேர்க்கும் ஒரு பீனால் வகைப் பொருள் தோலின் நிறமி அணுக்களைக் கொல்வது அதற்குக் காரணம். 20 வருடம் பாராபெனைத் திட்டினோம். நெற்றியில் ஒட்டியிருந்ததை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பெயர் இல்லாத டப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் கேரளத்தின் மலப்புரம் பக்கத்தில் சிறுநீரகம் பழுதாகி வந்த பலரை விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. உள்ளே பாதரசம். இப்படிப்பட்ட டப்பாக்களில் பல, யார் செய்தது என்ற விவரமே இல்லாமல் கை மாறுகின்றன. நம் நாட்டில் அழகுசாதனம் செய்து விற்க உரிமம் வேண்டும். என் அக்கா மகளுக்கும் அதைத்தான் சொன்னேன். கோபித்துக்கொண்டாள். இப்போது கிரீமை விட்டுவிட்டு, உரிமம் எடுத்துக் குளியல் பொடி போடலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

லேபிளைப் படிக்க ஒரு தந்திரம் சொல்கிறேன், நிறுவனக்காரர்களுக்கு என் மேல் வருத்தம் வரும், வரட்டும். நம் சட்டப்படி 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில் போட வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றைப் பின்னால் எந்த வரிசையிலும் போடலாம். பீனாக்சி எத்தனால் என்ற பதப்பொருளுக்கு ஐரோப்பாவில் உச்சவரம்பு 1 சதவீதம், தொழிலில் எங்கும் அதை ஒட்டித்தான் போடுவார்கள். போன வாரம் ஒரு கிரீமை எடுத்துப் பார்த்தேன். அட்டையில் குங்குமப்பூ, தாமரை, சந்தனம் எல்லாம் வரைந்திருக்கிறது. பட்டியலில் முதலில் தண்ணீர், பிறகு கிளிசரின், மெழுகு வகைகள், பிறகு பீனாக்சி எத்தனால். அதற்கும் பின்னால் குங்குமப்பூ, தாமரை, சந்தனம். மூன்றில் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. அந்தக் கிரீமில் எனக்குக் குறை பதப்பொருள் மேல் இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது. அட்டைப்படத்தின் மேல்தான் குறை.

பதப்பொருளைக் குறைத்துக்கொள்ள ஆசையா? தாராளமாக. பொடியாக வாங்குங்கள், எண்ணெயாக வாங்குங்கள், சோப்புக் கட்டியாக வாங்குங்கள். கட்டிச் சோப்பின் காரத்தில், ஈரம் குறைந்த அந்த உடம்பில், கிருமி குடியேறாது. கற்றாழை வேண்டுமா, ஒரு மடல் வெட்டி அன்றைக்கே பூசி மிச்சத்தை எறிந்துவிடுங்கள். கிரீம்தான் வேண்டும் என்றால் வாயகன்ற டப்பாவைவிட டியூபும் பம்ப்பும் மேல், விரல் உள்ளே போகாது. சின்ன அளவாக வாங்குங்கள். ஷாம்புவைப் பொட்டலத்தில் அடைக்கும் யோசனையை நாட்டுக்குக் கொடுத்தது நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். பிளாஸ்டிக் குப்பைக்காக அதைத் திட்டலாம், திட்டத்தான் வேண்டும். ஆனால் ஒருமுறை பிரித்தால் அன்றே தீர்ந்துவிடும் அளவு என்பது நுண்ணுயிர்க்காரியின் கண்ணுக்கு அழகான யோசனை. டப்பாவின் அடியில் திறந்த மூடிப் படமும் '12எம்' என்ற எழுத்தும் இருந்தால், திறந்து 12 மாதம் வரைதான் என்று பொருள். திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். கெட்டியாகிவிட்டது என்று கிரீமில் தண்ணீர் விட்டுக் குழைக்காதீர்கள். மஸ்காராவை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், தங்கைக்கும் கொடுக்காதீர்கள். தண்ணீர் முதல் பெயராக இருந்து, பதப்பொருள் எதுவும் இல்லை என்று பெருமையாக எழுதியிருந்து, மூன்று வருடம் தாங்கும் என்றும் போட்டிருந்தால் ஒன்று அது பொய், இல்லையென்றால் பதப்பொருள் வேறு பெயரில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நான் வாங்க மாட்டேன்.

பேசியது போதும். கேள்விகளைக் கேளுங்கள், நேரம் இருக்கிறது. நலங்கு மாவு கடைசி வரிசை வரை போய்விட்டு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன், டப்பா காலியாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது டப்பாவை மட்டும் தயவுசெய்து யாரும் திறக்க வேண்டாம்.